இழுப்பறையில் இயற்பியல்



திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் ஐப்பசி மாதம் பிறந்து, மலையில் பெய்த மழை குடகனாற்றில் இறங்கிக் காமராஜர் நீர்த்தேக்கம் நிறையத் தொடங்கும் நாட்களில், ஊருக்குள் வேறொன்றும் நடக்கும். கோடையில் விரல் பட்டால் ஓடி வந்த மேசை இழுப்பறை, இப்போது இரண்டு கையால் இழுத்தாலும் அசையாது. உள்ளே ரேஷன் கார்டு இருக்கும். பள்ளிக் கட்டண ரசீது இருக்கும். நாளை காலையில் வேண்டிய சான்றிதழ் இருக்கும். வீட்டில் ஒருவர் காலை மேசையில் ஊன்றிக்கொண்டு இழுப்பார். கைப்பிடி கையோடு வரும், இழுப்பறை அங்கேயே நிற்கும்.

டிராயர் என்று நாம் பேச்சில் சொல்லும் இந்த இழுப்பறை பார்ப்பதற்கு மிக எளிய பொருள். ஒரு பெட்டி, அது நுழைய ஒரு கூடு, அவ்வளவே. ஆயினும் நல்ல தச்சர் கையால் செய்த இழுப்பறை ஐம்பது ஆண்டுகள் ஓடுகிறது. சரியாகச் செய்யாதது ஐந்தாம் மாதமே முரண்டு பிடிக்கிறது. இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன? நீங்கள் பள்ளியில் படித்துவரும் உராய்வு, திருப்புத்திறன், பித்தகோரஸ் தேற்றம் ஆகிய மூன்றும், மரத்தின் உள்ளமைப்பைப் பற்றிய சிறிது அறிவுமே இதற்கு விடை கூறப் போதுமானவை.

இழுப்பறையின் உறுப்புகள்

முதலில் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். இழுப்பறைக்கு முன்னால் முகப்புப் பலகை ஒன்று, இரண்டு பக்கப் பலகைகள், ஒரு பின் பலகை, ஓர் அடிப்பலகை என ஐந்து பலகைகள் உண்டு. அடிப்பலகை, பக்கப் பலகைகளில் வெட்டிய காடியில் செருகப்பட்டிருக்கும். மேசைக் கூட்டின் உள்ளே, இழுப்பறையின் பக்கப் பலகைகளைத் தாங்கும் இரண்டு சட்டங்கள் முன்னிருந்து பின்னாக ஓடும். இவற்றின் மீதுதான் இழுப்பறை வழுக்கிச் செல்கிறது. இவற்றை ஓடுசட்டங்கள் என்போம். இழுப்பறை இடம் வலமாக விலகாமல் தடுக்கப் பக்கச் சட்டங்களும், வெளியே இழுக்கும்போது மூக்குக் குப்புறச் சாயாமல் தடுக்க மேல்சட்டமும் உண்டு.

ஆகவே இழுப்பறை மூன்று இடங்களில் உராயக்கூடும்: அடியில், பக்கத்தில், மேலே. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு காரணங்களால் நேர்கின்றன. மருந்தும் மூன்றுக்கும் வேறு வேறு. இதை மறந்து, எது இறுகினாலும் இழைப்புளியை எடுத்துச் சீவுவதால்தான் பல நல்ல மேசைகள் பாழாகின்றன.

அடியில் உராய்வு

ஒரு பொருள் இன்னொன்றின் மீது வழுக்கும்போது இயக்கத்தை எதிர்க்கும் விசையே உராய்வு. 1699-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் கியோம் அமாந்தோன் இதற்கு இரண்டு விதிகளை வெளியிட்டார். உராய்வு விசை, பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்தும் செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது முதல் விதி. தொடும் பரப்பின் அளவைப் பொறுத்து அது மாறாது என்பது இரண்டாவது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி இவற்றைக் கண்டு தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். ஆனால் அவை அச்சேறவில்லை.

உராய்வு விசையைச் செங்குத்து விசையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை உராய்வுக் குணகம் என்கிறோம். உலர்ந்த மரத்தின் மேல் மரம் வழுக்கும்போது இது பொதுவாக 0.25 முதல் 0.5 வரை இருக்கும். பொருள்களோடு சேர்த்து 4 கிலோகிராம் நிறையுள்ள இழுப்பறையின் எடை சுமார் 39 நியூட்டன். குணகம் 0.44 எனில், அதை நகர்த்தச் சுமார் 17 நியூட்டன் விசை வேண்டும். குணகத்தை 0.2-க்குக் குறைத்துவிட்டால் 8 நியூட்டனே போதும். பாதிக்கும் குறைவு!

பிரான்சின் படைப் பொறியாளராக இருந்த கூலும், மின்னூட்ட விதியால் உங்களுக்குத் தெரிந்த அதே கூலும், கப்பல் கட்டும் துறையில் மரத் துண்டுகளைக் கொண்டு உராய்வைப் பற்றி நீண்ட சோதனைகள் செய்தார். அந்த ஆய்வுக்கு 1781-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு கிடைத்தது. ஓய்வில் கிடந்த மரப்பரப்பை முதலில் அசைக்க வேண்டிய விசை, பின்னர் அதை ஓடவைக்க வேண்டிய விசையைவிட அதிகம் என்பதையும், ஓய்வில் கிடக்கும் நேரம் கூடக்கூட முதல் விசையும் கூடுகிறது என்பதையும் அவர் கண்டார். பல நாள் திறக்காத இழுப்பறை முதலில் முரண்டு, பிறகு திடீரென்று விட்டு, வயிற்றில் வந்து இடிப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? மெதுவாக இழுக்கும்போது நின்று நின்று, ‘கிர்... கிர்’ என்று கத்திக்கொண்டு வருவதும் இதனாலேயே. பற்றுவதும் விடுவதுமாக மாறி மாறி நிகழும் இயக்கம் அது.

உராய்வைத் தமிழ்நாட்டு மரவேலைக்காரர்கள் தமக்குச் சாதகமாகவும் கையாண்டிருக்கிறார்கள். ஆனைமலையில் டாப்சிலிப் என்ற ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய தேக்கு மரங்களை அந்த மலை உச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிட்டுக் கீழே இறக்கினார்கள். அதனால் வந்த பெயரே அது. சரிவின் சாய்வு போதுமானதாக இருந்தால் மரம் தன் எடையாலேயே இறங்கும். எவ்வளவு சாய்வு போதும்? இதையே நாம் மேசையின் மீது அளந்து பார்க்கலாம்.

சோதனை 1: பலகைச் சரிவு

60 செ.மீ. நீளமுள்ள நேரான பலகை ஒன்றையும், இழைத்த மரக்கட்டை ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையைக் கிடைமட்டமாக வைத்து, அதன் ஒரு முனையருகில் கட்டையை வையுங்கள். அந்த முனையின் அடியில் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி மெல்ல உயர்த்துங்கள். கட்டை வழுக்கத் தொடங்கும் நிலையில் நிறுத்தி, உயரத்தையும் தரையில் உள்ள அடிநீளத்தையும் அளந்து கொள்ளுங்கள். உயரத்தை அடிநீளத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைத்துவிடும். கட்டையின் எடை இதில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உயரம் 24 செ.மீ., அடிநீளம் 55 செ.மீ. என்று கொண்டால், குணகம் 24 ÷ 55 = 0.44. இனிக் கட்டையின் அடியிலும் பலகையின் மேலும் ஒரு மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். 12 செ.மீ. உயரத்திலேயே கட்டை வழுக்கினால், அடிநீளம் ஏறத்தாழ 58.8 செ.மீ.; குணகம் 0.2. உங்கள் மரத்துக்கு எண்கள் சற்று வேறுபடலாம். அவற்றைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மெழுகு என்ன செய்கிறது?

நன்கு இழைத்த பலகையும் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே தெரியும். இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், மேடுகளின் முனைகள் மட்டுமே தொடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறு பங்கே உண்மையில் தொடும் பரப்பு. எடை கூடினால் முனைகள் நசுங்கி, உண்மையில் தொடும் பரப்பு கூடும். அமாந்தோனின் இரு விதிகளுக்கும் இதுவே காரணம் என்று கேம்பிரிட்ஜ் அறிஞர்களான பௌடனும் டேபரும் 1950-இல் வெளிவந்த தங்கள் நூலில் விளக்கினர். தொட்ட இடங்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை அறுத்து நகர்த்தத் தேவைப்படும் விசையே உராய்வு விசையின் பெரும்பகுதி.

அப்படியானால் உராய்வைக் குறைக்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும். தொடும் பரப்பு சிறியதாக இருக்க வேண்டும். அதற்குப் பொருள் கடினமாக இருக்க வேண்டும். ஒட்டு எளிதில் அறுபட வேண்டும். அதற்குப் பொருள் மென்மையாக இருக்க வேண்டும். கடினமும் மென்மையும் ஒரே பொருளில் எப்படி அமையும்? கடினமான மரத்தின் மேல் மென்மையான மெழுகை மிக மெல்லியதாகப் பூசிவிட்டால் இரண்டும் அமைந்துவிடுகின்றன! எடையைத் தேக்கு தாங்குகிறது. அறுபடும் வேலையை மெழுகு ஏற்கிறது. மெழுகைத் தடிப்பாக அப்பினால் இந்தப் பயன் போய்விடும். அப்போது பெட்டி மெழுகுக்குள் புதையும். தேய்த்தபின் துணியால் துடைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

‘எண்ணெய் விட்டால் என்ன?’ என்று கேட்பீர்கள். கூடாது. எண்ணெயை மரம் உறிஞ்சிவிடும். மேலே எஞ்சியது தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். உள்ளே வைத்த காகிதங்களிலும் கறை ஏறும். சோப்புக் கட்டியைத் தேய்ப்பவர்களும் உண்டு. அது உடனே பலன் தந்தாலும் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது, மழைக்காலத்தில் பிசுபிசுக்கும். தேன்மெழுகோ, மெழுகுவர்த்தியின் பாரஃபின் மெழுகோதான் சிறந்தது. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரும் தற்காலிகமாக உதவும்.

பக்கத்தில் இறுக்கம்: பலத்தால் ஆகாத காரியம்

இப்போது மிகச் சுவையான பகுதிக்கு வருகிறோம். ஒரு தீப்பெட்டியை எடுங்கள். அதுவும் ஓர் இழுப்பறைதான். உட்பெட்டியைப் பாதிக்கும் மேல் வெளியே தள்ளிவிட்டு, நடுவில் விரல் வைத்து உள்ளே தள்ளுங்கள், ஓடிவிடும். இனி ஒரே ஒரு மூலையில் மட்டும் விரல் வைத்துத் தள்ளிப் பாருங்கள். பெட்டி கோணிக்கொண்டு திணறும்.

பெரிய மேசையின் அகலமான இழுப்பறைக்கு இரண்டு கைப்பிடிகள் இருக்கும். அவசரத்தில் நாம் ஒன்றை மட்டும் பிடித்து இழுக்கிறோம். என்ன நடக்கிறது என்பதைத் தாளில் வரைந்து பார்ப்போம். மேலிருந்து பார்த்தால் தெரிவது போல ஒரு செவ்வகம் வரையுங்கள். நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு நடுக்கோடு போடுங்கள். இழுவிசையை ‘வி’ என்போம். அது நடுக்கோட்டிலிருந்து ‘அ’ தூரம் விலகிச் செயல்படுகிறது. இழுப்பறையில் இன்னும் கூட்டுக்குள் இருக்கும் பகுதியின் நீளம் ‘நீ’. உராய்வுக் குணகம் ‘கு’.

விலகி இழுப்பதால் வி × அ என்ற திருப்புத்திறன் தோன்றுகிறது. இழுப்பறை சற்றே திரும்புகிறது. உடனே அதன் ஒரு பக்கம் கூட்டின் வாயருகிலும், எதிர்ப்பக்கத்தின் பின் மூலை உள்ளேயும் பக்கச் சட்டங்களில் முட்டுகின்றன. முட்டிய இரண்டு இடங்களிலும் சட்டங்கள் ‘செ’ என்ற சம விசையால் எதிர்த்திசைகளில் தள்ளுகின்றன. இந்த இரண்டு விசைகளுக்கும் இடைத்தொலைவு ‘நீ’. ஆகவே, மேலும் திரும்பாமல் நிற்கும் நிலையில்,

வி × அ = செ × நீ

முட்டிய இடங்கள் ஒவ்வொன்றிலும் கு × செ என்ற உராய்வு விசை இழுப்பை எதிர்க்கும். அவை இரண்டும் நடுக்கோட்டின் இருபுறமும் சம தூரத்தில் ஒரே திசையில் இருப்பதால் அவற்றின் திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். மொத்த உராய்வு 2 × கு × செ. செ-யின் மதிப்பை முதல் சமன்பாட்டிலிருந்து எடுத்து எழுதினால்,

பக்க உராய்வு = 2 × கு × வி × அ ÷ நீ

இழுப்பறை வரவேண்டுமானால் இழுவிசை இந்த உராய்வைவிட அதிகமாக இருக்க வேண்டும். இருபுறமும் உள்ள வி அடிபட்டுப் போக, நமக்குக் கிடைக்கும் நிபந்தனை:

நீ > 2 × கு × அ

இதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். முடிவில் ‘வி’ இல்லை! உள்நீளம் இந்த அளவுக்குக் கீழே குறைந்துவிட்டால், நீங்கள் இழுத்தாலும் சரி, ஒரு பயில்வான் வந்து இழுத்தாலும் சரி, இழுப்பறை வராது. விசையை இரண்டு மடங்காக்கினால் உராய்வும் இரண்டு மடங்காகிறது. கைப்பிடி பிய்ந்து வருவதும், முகப்புப் பலகை மூட்டு விடுவதும் இப்படித்தான். முரட்டுத்தனம் இங்கே தோற்பது விதியின்படியே நிகழ்கிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கைப்பிடி நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது; கு = 0.44. அப்படியானால் நீ, 26.4 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். இழுப்பறை 40 செ.மீ. ஆழமுடையது எனில், சுமார் 14 செ.மீ. வெளியே வந்ததும் இறுகிவிடும். மெழுகு பூசி கு-வை 0.2 ஆக்கினால், நீ 12 செ.மீ. இருந்தாலே போதும், 28 செ.மீ. வரை தடையின்றி வரும். ‘அ’ பூச்சியமானால், அதாவது நடுவில் பிடித்தோ, இரண்டு கைப்பிடிகளையும் சமமாகப் பிடித்தோ இழுத்தால், இந்தத் தொல்லையே இல்லை.

தச்சர்கள் சொல்லும் இரண்டு அறிவுரைகள் இந்தச் சூத்திரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. ‘அகலத்தைக் குறை, ஆழத்தைக் கூட்டு’ என்பது ஒன்று. ‘பக்கத்திலும் மெழுகு போடு’ என்பது மற்றொன்று. இறுகிப்போன இழுப்பறையை என்ன செய்வது? இழுப்பதை நிறுத்துங்கள். சிறிது உள்ளே தள்ளுங்கள். நீ கூடும், கோணலும் நேராகும். பின்பு நடுவில் பிடித்து இழுங்கள்.

மூலைவிட்டம் பொய் சொல்லாது

இழுப்பறையே கோணலாகச் செய்யப்பட்டிருந்தால் மெழுகும் உதவாது. நான்கு மூலைகளும் செங்கோணமாக இருக்கின்றனவா என்று மூலமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். அதைவிட நுட்பமான சோதனை, மூலைவிட்டங்களை அளப்பது. 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. ஆழமும் உள்ள பெட்டியின் மூலைவிட்டம், பித்தகோரஸ் தேற்றத்தின்படி, 50 செ.மீ. இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் பெட்டி நேர்.

ஒன்று 50.3 செ.மீ., மற்றது 49.7 செ.மீ. என்று வந்தால்? 3 மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடக் கூடாது. கணக்கிட்டால், பெட்டியின் பின்புறம் முன்புறத்திலிருந்து ஏறக்குறைய 5 மி.மீ. பக்கவாட்டில் விலகியிருக்கும். கூட்டில் நாம் விடும் பக்க இடைவெளியோ 1 மி.மீ. தான்! பசை காய்வதற்கு முன் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் அழுத்திப் பெட்டியை நேராக்கிவிட வேண்டும். காய்ந்தபின் ஒன்றும் செய்ய இயலாது.

மேலே இறுக்கம்: மழைக்கால மரம்

ஐப்பசியில் இறுகும் இழுப்பறைக்கு வருவோம். மரம் என்பது நீண்ட நுண்குழாய்களின் கட்டு. குழாய்களின் சுவர் செல்லுலோஸ் என்னும் பொருளின் நீண்ட இழைகளால் ஆனது. அந்த மூலக்கூறுகளில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். நீர் இழைகளின் இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் கிடப்பதால், மரம் குறுக்கே பருக்கிறதே தவிர நீளத்தில் அநேகமாக மாறுவதில்லை.

எவ்வளவு பருக்கும்? காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது, அந்தக் காற்றில் பல நாள் கிடந்த மரத்தில் சுமார் 9 சதவீதம் நீர் இருக்கும். ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதமானால் மரத்தின் நீர் 15 சதவீதத்தை எட்டும். ஆக 6 சதவீதக் கூடுதல். தேக்கு மரத்தில், ஆண்டு வளையத்தின் போக்கில், ஒவ்வொரு சதவீத நீருக்கும் சுமார் 0.2 சதவீதம் அகலம் மாறும். 15 செ.மீ. உயரமுள்ள பக்கப் பலகைக்குக் கணக்கிடுங்கள்:

150 மி.மீ. × 0.2/100 × 6 = 1.8 மி.மீ.

அதே காலத்தில் 40 செ.மீ. நீளத்தில் ஏற்படும் மாற்றம் 0.1 மி.மீ. அளவே. அதனால் இழுப்பறை மழைக்காலத்தில் அகலத்தில் பருப்பதில்லை. உயரத்தில் பருத்து மேல்சட்டத்தில் முட்டுகிறது. தேக்கு மிகக் குறைவாக அசையும் மரங்களுள் ஒன்று. பல சாதாரண மரங்கள் இதைவிட அதிகமாகவே அசையும். மேசைக்குத் தேக்கைத் தேடுவதன் இரகசியம் அழகு மட்டுமன்று.

இனி, ஐப்பசியில் இறுகியது என்று பலகையின் மேல்விளிம்பை 2 மி.மீ. சீவிவிட்டால் என்ன ஆகும்? பங்குனி, சித்திரை வெயிலில் மரம் தன் 1.8 மி.மீ.ஐத் திருப்பிக் கொடுத்துவிடும். அப்போது மேலே கிட்டத்தட்ட 4 மி.மீ. இடைவெளி. இழுப்பறையை வெளியே இழுத்ததும் தலைசாயும். பூட்டு வைத்த இழுப்பறையானால் இன்னும் கெடுதி. பூட்டின் நாக்கு மேலெழுந்து மேல்சட்டத்தின் துளைக்குள் போதிய ஆழம் நுழையாது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகளின் ஊர் திண்டுக்கல். எத்தனை நல்ல பூட்டானாலும் அது பற்றிக்கொள்ளும் மரம் விலகிப் போனால் பூட்டு என்ன செய்யும்?

எனவே, மழைக்காலத்தில் இறுகிய இழுப்பறையை உடனே சீவாதீர்கள். வெளியே எடுத்து, காற்றோட்டமான நிழலில் சில நாட்கள் வையுங்கள். வெயிலில் வைத்தால் ஒருபுறம் விரைவாகக் காய்ந்து பலகை முறுக்கிக்கொள்ளும். உலர்ந்த பின்னும் முட்டினால் மட்டும் சீவலாம். புதிதாகச் செய்பவர்களும் மாதத்தைப் பார்த்தே இடைவெளி விட வேண்டும். கோடையில் பொருத்தினால் மேலே 2 மி.மீ. விடுக, மழைக்காலத்தில் பொருத்தினால் அரை மி.மீ. போதும். ஒரே இழுப்பறைக்கு இரண்டு அளவுகள், இரண்டும் சரி!

ஒழுங்காக முடிக்கும் முறை

பள்ளியில் மரவேலை செய்பவர்களுக்கும், அண்டை வீட்டுத் தச்சரோடு உட்கார்ந்து கற்பவர்களுக்கும் உதவும்படி படிகளை வரிசையாகத் தருகிறேன்.

1. நன்கு பதப்படுத்திய மரத்தையே எடுங்கள். வெளிறு நீக்கிய வைரப்பகுதி நல்லது.

2. மர அடிப்பலகையானால் அதைக் காடியில் பசையிட்டு ஒட்டாதீர்கள். நார் இடம் வலமாக ஓடும்படி வைத்து, பின்பக்கம் 2 அல்லது 3 மி.மீ. இடம் விடுங்கள். அது பருக்கும்போது பின்னோக்கி நகரட்டும். ஒட்டிவிட்டால் ஒன்று பலகை வெடிக்கும். அல்லது பெட்டி மூட்டு விடும். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

3. கூட்டின் உட்புறம், முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 1 மி.மீ. அகலமாக இருக்கட்டும். உள்ளே போகப் போக இறுகும் கூடு ஒருபோதும் நல்ல கூடாகாது.

4. ஓடுசட்டங்கள் இரண்டும் ஒரே தளத்தில் உள்ளனவா என்று பாருங்கள். ஒன்று உயர்ந்திருந்தால் இழுப்பறை மூன்று மூலைகளில் நின்று ஆடும்.

5. சட்டங்களில் சுண்ணக்கட்டி தேய்த்து இழுப்பறையை நுழைத்து எடுங்கள். எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் உராய்கிறது. அந்த இடத்தை மட்டும், நார் ஓடும் திசையில், இழைப்புளியால் ஒரு சீவல் எடுங்கள். மீண்டும் சோதியுங்கள். ஒரு சீவலின் தடிமன் ஒரு மி.மீ.இல் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம், அவசரம் வேண்டாம்.

6. உப்புத்தாள் போட்டால் 120-ஆம் எண்ணில் தொடங்கி 220-இல் முடியுங்கள். பின்பு தூளை நன்றாகத் துடையுங்கள். மரத்தில் புதைந்த உப்புத்தாள் மணல் அரம் போல ஓடுசட்டத்தைத் தின்றுவிடும்.

7. முகப்புக்கு எந்த மெருகும் போடலாம். உட்புறத்துக்குச் சாராயத்தில் கரைத்த அரக்கு ஏற்றது. விரைவில் உலரும், நெடுநாள் வாடை வராது. வழுக்கும் பரப்புகளில் வார்னிஷ் பூசாதீர்கள். அது தடிமனைக் கூட்டுவதோடு, வெப்பக் காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அங்கே மெழுகு மட்டும் போதும்.

8. இழுப்பறையின் அடிவிளிம்பு, பக்கங்கள், ஓடுசட்டங்கள், பக்கச் சட்டங்கள் எல்லாவற்றிலும் மெழுகு தேய்த்துத் துடையுங்கள். ஆண்டுக்கொருமுறை, மழைக்கு முன்னால், இதைத் திரும்பச் செய்யுங்கள்.

ஒரு வேடிக்கை

மிக நன்றாகப் பொருத்திய இரண்டு இழுப்பறைகள் மேலும் கீழுமாக உள்ள மேசையில், ஒன்றை விரைவாக மூடினால் மற்றொன்று தானாகச் சிறிது திறக்கும்! பேயுமில்லை, பிசாசுமில்லை. பின்பக்கம் அடைத்த கூட்டில் இழுப்பறை ஒரு பிஸ்டன் போலச் செயல்பட்டுக் காற்றை அழுத்துகிறது. 1.5 கி.கி. எடையுள்ள, மெழுகிட்ட காலி இழுப்பறையை நகர்த்த 3 நியூட்டன் விசை போதும். அதன் முகப்பின் பரப்பு 40 செ.மீ. × 15 செ.மீ., அதாவது 0.06 சதுர மீட்டர் என்றால், தேவையான கூடுதல் அழுத்தம் 50 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இது இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். இடைவெளிகள் சிறியவையாக இருந்தால் அந்தக் காற்று தப்பிப் போவதற்குள் அடுத்த இழுப்பறையைத் தள்ளிவிடும். தச்சரின் கைத்திறனுக்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை.

இரும்பு வந்தபின்

இன்று கடைகளில் வாங்கும் மேசைகளில் எஃகுச் சேனல்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சிறு எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. உருளும் உராய்வு, வழுக்கும் உராய்வைவிடப் பல மடங்கு குறைவு. சேனலுக்கென்று பக்கத்துக்கு அரை அங்குல இடம் விடுவதால், மரம் சற்றுப் பருத்தாலும் தெரிவதில்லை. வசதிதான், ஐயமில்லை. ஆனால் குண்டு விழுந்தாலோ, துரு ஏறினாலோ சேனலை மாற்றித்தான் ஆகவேண்டும். மரத்தில் ஓடும் இழுப்பறைக்கு ஒரு துண்டு மெழுகும், எங்கே உராய்கிறது என்று கண்டுபிடிக்கும் பொறுமையும் போதும். தாத்தா காலத்து மேசை ஒன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்தால், அதை விறகுக்குப் போடுமுன் ஒரு முறை சுண்ணக்கட்டிச் சோதனை செய்து பாருங்கள். பெரும்பாலும் நோய் மிகச் சிறியதாகவே இருக்கும்.

செய்து பாருங்கள், சிந்தியுங்கள்

1. உங்கள் வீட்டு இழுப்பறை ஒன்றின் மேல் இடைவெளியை இந்த மாதம் அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் அளந்து, ஓராண்டுக்கு ஒரு வரைபடம் போடுங்கள். இடைவெளி மிகக் குறையும் மாதம் எது? மழை மிகுந்த மாதமும் அதுவும் ஒன்றா, அல்லது சற்றுப் பின்தங்கி வருகிறதா? ஏன்?

2. 80 செ.மீ. அகலமுள்ள இழுப்பறையை ஓர் ஓரத்தின் கடைசியில் பிடித்து இழுக்கிறோம். சோதனை 1-இல் உங்களுக்குக் கிடைத்த குணகத்தைக் கொண்டு, அது எவ்வளவு தூரம் வந்ததும் இறுகும் என்று கணக்கிடுங்கள். இழுப்பறையின் ஆழம் 45 செ.மீ.

3. கதவுகளும் மழைக்காலத்தில் இறுகுகின்றன. பலகைக் கதவு உயரத்தில் இறுகுமா, அகலத்தில் இறுகுமா? நார் ஓடும் திசையைப் பார்த்து விடை சொல்லுங்கள்.